பாதி வீட்டை ஈடு கேட்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய தடித்த உறை செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உன் கடிதம் ஒரு பக்கம், வங்கியின் பாரம் ஏழு பக்கம். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தாய். எண்ணிப் பார்த்தேன், ஐந்து குறிகள். யோசிக்க ஒன்றுமில்லை, வீடு எங்கேயும் போகாது, நீங்கள் அதே வீட்டில்தான் இருக்கப் போகிறீர்கள், அதன் மதிப்பு மட்டும் நமக்காக உழைக்கும் என்று எழுதியிருந்தாய். உன் அப்பா அதை வாசலில் நின்றபடியே இரண்டு முறை படித்தார். அன்றிலிருந்து அவருடைய நடையே மாறிவிட்டது. தினமும் சவரம் செய்கிறார். பரணிலிருந்து பழைய அளவு நாடாவை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார். நேற்று கடைவீதியில் யாரிடமோ, "பய மலையில எடம் வாங்குறான், ஆறு ரூமு போடப் போறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தது, நான் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த இடம் வரை கேட்டது.

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பாரம் என் பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு நீ வந்து மூன்று நாள் இருந்தபோதே நான் இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். நீயும் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தீர்கள், நான் அடுப்பருகே இருந்தேன். எனக்கு வாய் எழாது என்பது உனக்குத் தெரியும். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் எழும் குரல், பெரியவர்கள் நான்கு பேர் உட்கார்ந்தால் உள்ளே போய்விடும். எழுதினால் வரும். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. பாதியில் எரிச்சல் வந்தாலும் கடைசி வரை படி.

உன் அத்தையைப் பற்றி நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கோடை மலையின் குளிர் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் வீட்டில் தன் பாதியை விற்றுவிட்டு அடிவாரத்துக்கு, கன்னிவாடிக்குப் போய்விட்டார் என்று நினைக்கிறாய். அப்பா கட்டிய காட்டேஜ் அந்த இரண்டு வருடப் பேய்மழையில் போய்விட்டது என்று நினைக்கிறாய். இரண்டையும் உனக்குச் சொன்னது நாங்கள்தான். அத்தையின் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அந்த மழையும் எல்லா ஐப்பசியிலும் பெய்கிற மழைதான்.

என் அப்பா வடகவுஞ்சியில் உருளைக்கிழங்கும் பூண்டும் போட்டவர், கைநாட்டு. அந்தக் குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். பி.ஏ. முடித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, மிஷன் பள்ளியில் வேலை கிடைத்து, உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது அந்தப் பட்டம் இங்கே ஒரு வேடிக்கையாகிவிட்டது. குழம்பில் உப்பு கூடினால், "பி.ஏ. உப்புப் போட்டிருக்கு, நாம குறை சொல்லக் கூடாது" என்பார் உன் அப்பா. மழை வரும் போலிருக்கிறது என்று சொன்னால், "பி.ஏ. சொல்லிருச்சு, கொடைய எடுங்க" என்பார். கெட்ட எண்ணமே கிடையாது. எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் வாயைத் திறந்தால் பட்டம்தான் எல்லார் காதிலும் விழுகிறது என்று கண்டுகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதையே குறைத்துக்கொண்டேன். அது அடக்கம் என்று பேர் வாங்கியது. எனக்கும் அந்தப் பேர் பிடித்திருந்தது.

வீடு அப்போது முழு வீடு. உன் அத்தை இருபது வருடம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் பங்களாவில் சமையல் செய்தவர். அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது கையில் ஒரு தொகை கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பணத்தோடு உன் அப்பாவின் சேமிப்பையும் போட்டு வாங்கியதுதான் இது. அக்கா பெயரும் தம்பி பெயரும் பத்திரத்தில் சமமாக இருந்தன. முன் அறை அத்தையுடையது. பிளம்ஸ் காலத்தில் அவர் ஜாம் கிண்டினால் தெருமுனை வரை மணக்கும். கல்யாணம் என்று ஒன்று அவருக்கு நடக்கவில்லை. நீதான் அவருக்குப் பிள்ளை.

நீ நாலாம் வகுப்பில் இருந்தாய். அந்த வருடம் சீசனில் கூட்டம் தாங்க முடியாமல், மதுரையிலிருந்து வந்த குடும்பங்கள் ஏரிக்கரையில் காரிலேயே படுத்துக் கிடந்தன. உன் அப்பா போர்டிங் பள்ளியில் ஸ்டோர் கீப்பர். அரிசி மூட்டையையும் சோப்புப் பெட்டியையும் எண்ணியே வாழ்நாள் கழிந்துவிடும் என்ற பயம் அவருக்கு இருந்தது. அந்த நேரத்தில்தான் தரகர் சூசை வந்து போக ஆரம்பித்தார். நல்ல பேச்சுக்காரர்.

"சாரே, உங்க வீடு தூங்கிக்கிட்டுல்ல கெடக்கு. வாங்குனதுக்கு இன்னைக்கு மூணு மடங்கு வெல. பத்திரத்தப் பாங்குல வச்சு எழுப்பி விட்டீங்கன்னா, அதுவே இன்னொரு வீட்டக் கட்டிக் குடுத்துரும்."

"வீடு எந்திரிச்சு நடந்து போயிருச்சுன்னா நாங்க எங்கடா படுக்கிறது, சூசை?" என்றார் உன் அத்தை.

"நீங்க புது காட்டேஜ்ல படுங்கக்கா. வெந்நீ குழாயோட."

"அப்ப வெந்நீய மட்டும் வெரசாக் கொண்டாந்து குடு. மத்தத அப்புறம் பாப்போம்."

அன்று நாங்கள் வெகுநேரம் சிரித்தோம். ஆனால் சூசை போன பிறகு உன் அப்பா ஒரு தாளில் கணக்குப் போட்டார். ஆறு அறை, சீசன் வாடகை, மாதத் தவணை. மூன்று வருடத்தில் கடன் முடிந்து காட்டேஜ் சொந்தமாகிவிடும் என்று வந்தது. எனக்கும் காட்டினார். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. இங்கே சீசன் என்பது சித்திரையும் வைகாசியும்தான் என்பதும், தவணைக்குப் பன்னிரண்டு மாதம் என்பதும் அந்தத் தாளில் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நன்றாக இருக்கிறது என்றேன்.

இடம் பார்க்க மார்ச் மாதம் போனோம். நீ பள்ளியில் இருந்தாய். ஏரிக்கு மேற்கே, பஸ் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். இரண்டு சரிவுகளுக்கு நடுவில் பாய் விரித்தது போலச் சமமாகக் கிடந்த நிலம். உன் அப்பாவின் முகத்தை அன்று நீ பார்த்திருக்க வேண்டும். அவர் கன்னிவாடிக்காரர். சமமாக, தாழ்வாக, தண்ணீர் பக்கத்தில் கிடக்கும் நிலம்தான் அங்கே நிலம். நஞ்சைக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொள்கிற ஊர். மேட்டு நிலத்தை அங்கே ஏழைக்குத் தள்ளிவிடுவார்கள். "மலையில இப்படி ஒரு எடமா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

நான் மலையில் பிறந்தவள். எங்கள் ஊரில் அந்த மாதிரி இடத்தில் எருமை கட்டுவார்கள், வீடு கட்ட மாட்டார்கள். மலையில் சமமாகக் கிடப்பது தண்ணீர் உட்கார்ந்து உட்கார்ந்து சமமாக்கிய இடம். வீடு என்றால் சரிவின் தோளில், பாறை கண்ட இடத்தில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவோம். நான் ஓரத்தில் நின்று பார்த்தேன். புல்லுக்கு நடுவில் அங்கங்கே, ஈர மண்ணில் முளைக்கும் கோரை நின்றது, காய்ந்து போய், ஆனால் கோரைதான். மேல்வீடுகளிலிருந்து ரோட்டுக்கு வரும் ஒற்றையடிப் பாதை அந்த நிலத்தின் விளிம்பு வரை நேராக வந்து, பிறகு அரை வட்டமாக அதைச் சுற்றிக்கொண்டு போனது. குறுக்கே நடந்தால் பாதி தூரம்கூட இல்லை. விறகுக் கட்டோடு வந்த ஒரு பெண்ணும் சுற்றித்தான் போனாள். தலையில் சுமையோடு யாரும் சும்மா சுற்ற மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவளை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் கீழே பார்த்துக்கொண்டேன். ஜீப்பில் திரும்பும்போது உன் அப்பா, "என்ன, பி.ஏ. ஒண்ணுமே சொல்லல?" என்றார். சூசை சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

வங்கிக்குச் சூசையும் சேர்த்து நான்கு பேராகப் போனோம். மேனேஜர் நல்ல மனிதர், அவர் மேல் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். பாரத்தை உன் அப்பா முன்னால் வைத்தார். உன் அப்பா அதை என் பக்கம் தள்ளினார். அன்று மட்டும் பட்டம் வேடிக்கையாக இல்லை, பெருமையாக இருந்தது. நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். மூன்று தவணை தவறினால் மொத்தக் கடனையும் உடனே கேட்கலாம் என்று இருந்தது. கொடுக்க முடியாவிட்டால் வீடு முழுவதும், இரண்டு பேருடைய பங்கும் சேர்த்து, விலைக்குப் போகும் என்று இருந்தது. உன் அத்தைக்குக் காட்டேஜில் பங்கு எதுவும் கிடையாது. அது உன் அப்பாவின் பெயரில் மட்டும். இரண்டு பேருடைய பங்கும் என்ற அந்த வரியை இரண்டு முறை படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை மெதுவாகக் கேட்டார்.

"டீச்சரம்மா, என்ன எழுதியிருக்கு?"

"எல்லாப் பாங்குலயும் எழுதுறதுதான் மதினி."

"எனக்கொண்ணும் இல்லையே?"

"இல்ல மதினி."

"நீ வாசிச்சிட்டேல்ல. போதும்."

அத்தையின் கட்டைவிரலில் மையைத் தடவிப் பாரத்தில் அழுத்தினார்கள். மையைத் துடைக்கத் துணி கொடுத்தார்கள். அவர் அதை வாங்காமல், எங்கள் பக்கத்து மனுஷிகள் எல்லாரும் செய்வது போலத் தலைமயிரில் தேய்த்துக்கொண்டார். நரைமுடியில் ஊதாவாக ஒரு கோடு. வீடு வரும் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். நானும் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேனேஜர் எதிரில் இருந்தார், உன் அப்பாவின் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது, கணக்கு சரியாக வந்துவிடும் என்று எனக்கும் ஆசை இருந்தது. பதில்கள் இருக்கின்றன. எதைச் சொன்னாலும் நான் வாசித்தேன் என்பது மாறாது.

அஸ்திவாரம் தோண்டியபோது முழங்கால் ஆழத்திலேயே மண் கறுத்துக் கசிந்தது. மேஸ்திரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "அய்யா, இது வானம் மாதிரி இல்ல, கெணறு மாதிரி கெடக்கு" என்றார். உன் அப்பாவுக்குச் சந்தோஷம். "நல்லதுய்யா. தண்ணிக்குக் கவலையில்ல. எங்க ஊர்ல இதுக்குக் குடுமிய பிடிச்சுக்குவான்." மேஸ்திரி என்னைப் பார்த்தார். அவரும் மலைக்காரர். நான் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு ஜீப் பக்கம் நடந்தேன்.

முதல் சீசன் நன்றாக இருந்தது. அதை நீ மறக்கக் கூடாது. ஆறு அறையும் நிறைந்தன. அத்தை சமைத்தார், நீ தட்டு எடுத்துப் போய்ச் சில்லறை வாங்கினாய். உன் அப்பா தவணையை முன்கூட்டியே கட்டிவிட்டு மேனேஜருக்கு ஒரு கூடை பேரிக்காய் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த வெற்றியில்தான் வத்தலக்குண்டில் ஒருவரிடம் கைக்கடன் வாங்கி, சிமெண்டுத் தரையும் வெந்நீர்க் குழாயும் போட்டார். அப்போதே நஷ்டம் வந்திருந்தால் பாதிக் கடனோடு தப்பித்திருப்போம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு வாரத்தில் மூன்றாவது அறைக் கதவு சாத்த மறுத்தது. தச்சரைக் கூப்பிட்டு இழைத்தோம். அடுத்த வாரம் மீண்டும் மறுத்தது. பிறகு சன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல். மேஸ்திரி வந்து அதன் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லை வைத்து இரண்டு பக்கமும் சிமெண்டு பூசினார். "செவுரு நகந்தா கண்ணாடி ஒடையும். ஒடையலன்னா பயமில்ல" என்றார். நாலாம் நாள் போய்ப் பார்த்தபோது சில்லின் நடுவில் மயிரிழை போல ஒரு கோடு. அவர் இன்னொரு சில்லு ஒட்டினார். அதுவும் போனது. மூன்றாவது சில்லு ஒட்டிய பிறகு அவர் வருவதை நிறுத்திக்கொண்டு, பாக்கிக் கூலிக்கு மட்டும் ஆள் அனுப்பினார். நீ அப்போது பூகோளத்தில் ஆறுகள் படித்துக்கொண்டிருந்தாய். விரிசல்களுக்குப் பெயர் வைத்தாய். சன்னல் மூலையில் தொடங்கியது வைகை. கூரை வரை போனது காவிரி. "அம்மா, இன்னைக்குக் காவிரிக்குப் புதுசா ஒரு கிளை ஆறு" என்று நீ ஓடி வந்து சொன்ன நாளில் உன் அப்பா உன்னை அடித்தார். அதுவரை அவர் உன்னைத் தொட்டதில்லை. ஏன் அடித்தார் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த சீசனுக்குச் சுவரெல்லாம் பூசி வெள்ளையடித்தோம். வந்தவர்கள் மெத்தை ஈரமாக இருக்கிறது என்றார்கள். திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம், கைக்குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது என்று இரண்டாம் நாளே பெட்டியைத் தூக்கியது. அந்த அம்மா போகும்போது என்னிடம், "நீங்க இங்கயேதான் இருக்கீங்களாங்க?" என்று கேட்டார். இல்லை, டவுனில் எங்களுக்கு வீடு இருக்கிறது என்றேன். "அப்பச் சரிங்க" என்றார். அந்த வருடம் மழை தொடங்கும் முன்பே இரண்டு தவணை நின்றுவிட்டது. வத்தலக்குண்டுக்காரர் வாரம் ஒருமுறை காலையில் வெள்ளனே வந்து நம் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஒரு வார்த்தை கேட்க மாட்டார். காபி கொடுத்தால் குடிப்பார். பத்து மணிக்கு எழுந்து போய்விடுவார்.

மூன்றாவது தவணையும் நின்ற மாதம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. உன் அப்பா அதைப் பிரிக்காமலே என்னிடம் கொடுத்தார். அத்தை முன் அறையில் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசித்து முடிக்கும் வரை கத்தியை நிறுத்தியிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சரம்மா, அன்னைக்குப் பாங்குல இது எழுதியிருந்துச்சா?"

"எழுதியிருந்துச்சு மதினி."

"இதே மாதிரியா?"

"இதே மாதிரி."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வகுப்பில் விடை தெரிந்தும் எழுந்து நிற்காத பிள்ளையை நாங்கள் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை. "சரி. பழம் கறுத்துப் போகும், அந்தச் சீனிய எடு" என்றார்.

விரிசல் விட்ட காட்டேஜை விலைக்குக் கேட்க ஆள் இல்லை. அத்தை அவராகவே முடிவு செய்தார். முழு வீடும் ஏலத்துக்குப் போனால் உனக்கு ஒன்றுமிருக்காது, தன் பாதியை விற்றால் பிள்ளைக்குப் பாதியாவது மிஞ்சும் என்றார். உன் அப்பா அழுதார். "அக்கா, நான் திருப்பித் தந்துருவேன்" என்றார். "ஏலே, நீ முதல்ல வாசல்ல உக்காந்து பேப்பர் படிக்கிறவனுக்குக் குடு" என்றார் அத்தை. ஓர் உருளைக்கிழங்கு மண்டிக்காரர் அந்தப் பாதியை வாங்கினார். நீ அடுத்த வீடு என்று சொல்லி வளர்ந்தது அதைத்தான். கூடத்தின் நடுவில் செங்கல் சுவர் எழும்பிய நாளில் நீ அதன் மேல் ஏறி உட்கார்ந்து விளையாடினாய். பணத்தில் ஒரு ரூபாய்கூட அத்தையின் கைக்கு வரவில்லை. வங்கிக்கும் வத்தலக்குண்டுக்கும் போனது. உன் அப்பா மிஞ்சிய பாதியை என் பெயரில் எழுதி வைத்தார். இனி தன் கை எதிலும் படக் கூடாது என்று அவரே சொன்னார். அதை அவர் இப்போது மறந்துவிட்டார்.

அத்தை கன்னிவாடியில் ஒரு மாணவர் விடுதியில் மறுபடியும் சமையலுக்குச் சேர்ந்தார். அறுபது வயதுக்கு மேல். சமையலறைக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி இறக்கிய ஒரு சாய்ப்பில் கட்டில். நான் பள்ளி விடுமுறைகளில் போவேன், உனக்குச் சொன்னதில்லை. ஒருமுறை மன்னிப்புக் கேட்கலாம் என்று தயார் செய்துகொண்டு போனேன். அவர் சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டே, "இங்க நல்லா வெயிலடிக்குது. பயகிட்ட முழங்காலுன்னு சொல்லிரு. அவன் அப்பன அவன் வெறுக்கக் கூடாது" என்றார். நான் தலையாட்டினேன். அதற்கும் தலையாட்டினேன். நீ கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அந்தச் சாய்ப்பில்தான் இறந்தார். நீ பரீட்சை என்று வரவில்லை. வர வேண்டாம் என்று எழுதியதும் நான்தான்.

இதையெல்லாம் சொல்லி உன்னைக் கடனே வாங்காதே என்று தடுக்கப் போவதில்லை. என்னோடு வேலை பார்க்கும் இரண்டு ஆசிரியைகள் இருக்கும் வீட்டை ஈடு வைத்துத்தான் இன்னொரு வீடு கட்டினார்கள், இன்று வாடகை வாங்குகிறார்கள். உன் அப்பாவின் யோசனையும் முட்டாள்தனமானதில்லை. நீயும் அவரைப் போலக் கெட்டிக்காரன். நேற்று, சனிக்கிழமை, உடம்பு சரியில்லாத ஒரு ஆசிரியையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, நீ வாங்கப் போகும் இடத்தை நானே போய்ப் பார்த்து வந்தேன். நல்ல இடம். சரிவுதான், ஆனால் பாறை மேலே தெரிகிறது. மழைத் தண்ணீர் ஓடிப் போக வழி இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் நானே பேச்சுக் கொடுத்துக் கேட்டேன். ஐப்பசியிலும் அங்கே கால் புதையாது என்றாள். மண்ணைப் பற்றி எனக்குப் பயமில்லை.

எனக்குப் பயம் உன் பாரத்தின் மூன்றாம் பக்கத்தைப் பற்றி. கீழிருந்து நாலாவது வரி. இந்த வீடு, கடன் வாங்கும் இருவரும் சேர்ந்தோ தனித்தனியாகவோ இதுவரை வாங்கிய, இனிமேல் வாங்கப் போகிற எல்லாக் கடன்களுக்கும் ஈடாக நிற்கும் என்று அங்கே இருக்கிறது. இருவர் என்பது நீயும், உன்னோடு சேர்ந்து கடன் வாங்கும் உன் பழனிச் சிநேகிதனும். அந்தப் பையனின் குடும்பம் மலையடிவாரத்தில் யாத்ரீகர்களுக்கு லாட்ஜ் கட்டி, பாதியில் நிற்கிறது என்று நீயே கிறிஸ்துமஸன்று அப்பாவிடம் சொன்னாய். அந்த லாட்ஜின் கடனும் இந்தப் பாதி வீட்டின் மேல் வந்து உட்காரும், தம்பி. நீ உன் தவணையை ஒருநாள்கூடத் தவறாமல் கட்டினாலும், நீ பார்த்தேயிராத ஒரு கட்டடத்துக்காக ஒரு நாள் இங்கே நோட்டீஸ் வரும். அப்போது விற்பதற்கு இன்னொருவருடைய பாதி இருக்காது.

உன் பென்சில் குறி அந்த வரிக்கு நேர் கீழே இருக்கிறது. நீ ஆங்கிலம் என்னைவிட நன்றாகப் படிப்பவன். நீ அதை வாசிக்கவில்லையா, வாசித்தும் அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டாயா என்று ஐந்து நாளாக யோசிக்கிறேன். வாசிக்கவில்லை என்றால் இப்போது வாசி. வாசித்தாய் என்றால், உன்னைத் திட்டும் தகுதி உலகத்தில் யாருக்கு இருந்தாலும் எனக்கு இல்லை. அதைச் சொல்லத்தான் உன் அத்தையின் கதை முழுவதையும் எழுதினேன்.

நான் இந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த வரியை நீக்கி, உன் ஒருவன் கடனுக்கு மட்டும், நீ கட்டக்கூடிய அளவுக்கு மட்டும் என்று வேறு பாரம் கொண்டு வந்தால் உட்கார்ந்து பேசலாம். போட மாட்டேன் என்பதை ஒருமுறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன். எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை வங்கி ஆள் வந்து பாரத்தையும் பத்திரத்தையும் வாங்கிக்கொள்வார் என்று எழுதியிருந்தாய். அதற்கு முன் நீ வந்துவிடு. பத்திரம் வீட்டில் இல்லை. வெள்ளிக்கிழமையே எடுத்துப் பள்ளிக்கூடத்தில், தலைமையாசிரியையின் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். உன் அப்பாவிடம் சொல்லவில்லை. இன்று ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து அவர் தேடிக்கொண்டிருக்கிறார். முதலில் பீரோ, பிறகு பரண், இப்போது உள்ளறையில் என் கல்யாணப் பெட்டி. என்னிடம் கேட்கவில்லை. பெட்டியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போடும் சத்தம் இங்கே கேட்கிறது. ஒரு மணி நேரமாகக் கேட்கிறது. இத்தனை வருடத்தில் அவர் என் பெட்டியைத் திறந்ததில்லை.

இப்போது சத்தம் நின்றுவிட்டது. மூடியைச் சாத்திவிட்டார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், பி.ஏ. என்று கூப்பிடவில்லை. எழுந்து போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதை இத்தோடு மடித்து உறையில் போட்டுவிட்டுப் போகிறேன், ஒருவேளை சொல்ல முடியாமல் போனாலும் நாளைக் காலைத் தபாலில் உனக்காவது வந்து சேரட்டும்.

உன் அம்மா